கை போனால் ஒரு மூட்டை நெல்

வேலை செய்கிற ஆளுக்கும் காப்புறுதி உண்டு என்பதை நான் கண்டது முகமாலை மிதிவெடி வயலில். அதற்கு முன் எங்கள் ஊர் வழக்கம் வேறு. மில் பெல்ட்டுக்குள் கை அகப்பட்டால் முதலாளி தன் வாகனத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார். பிறகு வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் வரும், கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு வரும். கை போனவரை இரவுக் காவலுக்கு வைத்துக்கொண்டால், இல்லாவிட்டால் மகனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தால், "தங்கமான மனுசன், கைவிடேல்லை" என்று சனம் சொல்லும். உண்மையில் பலர் தங்கமான மனுசர்தான். ஆனால் கேட்டு வாங்க ஒரு சட்டம் இருந்தது என்பது அந்த நெல் மூட்டைக்குள் மறைந்துபோனது.

சட்டம் பழையது. ஜெர்மனி 1884இலும் பிரித்தானியா 1897இலும் தொடங்கிவைத்ததை, இந்தியா 1923இல் எடுத்துக்கொண்டது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக அது வந்தது. எங்கள் பக்கத்து இரணைமடுக் குளத்தின் வேலையோ அதற்கு முன்பே, 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்துவிட்டது. மலேரியாக் காட்டுக்குள் மண் சுமந்து அணைக்கட்டை எழுப்பியவர்களுக்கு அது எட்டாத சட்டம். சட்டத்தின் சாரம் இதுதான்: வேலையின்போது வேலையால் காயம் வந்தால், முதலாளியில் பிழை இருந்ததென்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை, நட்டஈடு கட்டியாக வேண்டும். பெருவிரலுக்கு ஒரு வீதம், சுட்டுவிரலுக்கு ஒரு வீதம், கண்ணுக்கு ஒரு வீதம் என்று அட்டவணையே இருக்கிறது. முதல் தடவை அதை வாசித்தபோது, இறைச்சிக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு அருவருத்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. விலை எழுதாத இடத்தில் ஒரு மூட்டை நெல்லோடு கணக்கு முடிந்துவிடும். செத்துப்போனால் காசை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துத் தப்ப முடியாது, ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும்.

இந்தச் சட்டம் விளங்கிய இடம் வன்னியில் ஒன்றிரண்டுதான். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அவற்றில் முதன்மையானது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிட்டது. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். என் பெரியப்பா அங்கே வேலை செய்தவர். குளோரீன் கசிந்தால் காற்று வருகிற பக்கமாக ஓட வேண்டும், பள்ளத்தில் நிற்கக்கூடாது என்று கடைசிக்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அரசாங்க வேலை, பதிவேட்டில் பெயர், சம்பளச் சீட்டு. காயம்பட்டால் எழுதிக்கேட்க ஒரு கந்தோர். எண்பதுகளில் யுத்தம் அந்தத் தொழிற்சாலையை மூடியது. பிறகு ஏ-9 பாதையும் மூடுண்டது. பாஸ் இல்லாமல் ஓமந்தையைத் தாண்ட முடியாத காலத்தில் கொழும்பிலுள்ள ஆணையாளருக்கு யார் மனு எழுதுவது?

முகமாலை 2000இலிருந்து எட்டு வருடத்துக்கு மேல் யுத்தத்தின் இரண்டு தரப்பினதும் முன்னரண். யுத்தம் முடிந்தபின் அங்கே வேலைக்குப் போனவர்களில் என்னைப்போலக் குடும்பம் தாங்கிய பெண்கள் நிறைய. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்று நிறுவனங்களின் பெயர்கள் ஊருக்குள் பழகிப்போயின. வேலைக்கு எடுக்கும்போதே இரத்த வகை, காப்புறுதிப் படிவம், செத்தால் பணம் யாருக்கு என்கிற கேள்வி. நான் அம்மாவின் பெயரை எழுதினேன். காலையில் அம்புலன்சும் மெடிக்கும் வந்து நிற்காமல் ஒருவரும் பாதைக்குள் இறங்க மாட்டோம். அம்புலன்ஸ் வெளியே போனால் விசில் ஊதி எல்லோரையும் வெளியே எடுத்துவிடுவார்கள். நெஞ்சுக்குப் பாரமான கவசம், வியர்வையில் புகைபடிகிற முகக்கண்ணாடி. நீளப்பிடி றேக்கால் மண்ணை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து எடுக்கிற வேலை. நோர்வே மக்கள் உதவி நிறுவனம் வடக்கில் வளர்த்தெடுத்த முறை இது. வெடித்தாலும் பிடியின் நீளத்துக்கு ஆள் தள்ளி இருப்பார். வெயிலில் ஒருத்தி முகக்கண்ணாடியைச் சற்று உயர்த்தினாலும் மேற்பார்வையாளர் அண்ணை அன்றைய வேலையையே நிறுத்திவிடுவார். அப்போது கோபம் வரும்.

மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். 2028 ஜூனுக்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். வேலை முடிய முடிய ஆட்கள் குறைகிறார்கள். எங்களோடு நின்றவர்கள் இன்று அரிசி ஆலையில், மேசன் வேலையில், நெல்லுக்கு மருந்தடிப்பில். அங்கே முகக்கண்ணாடியும் இல்லை, படிவமும் இல்லை. சாவைத் தோண்டிய இடத்தில் இருந்த காப்பு, சோற்றுக்கு நெல் குத்துகிற இடத்தில் இல்லை.

நான் இப்போது ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறேன், அதனால் காரணமும் தெரிகிறது. நட்டஈட்டைக் கட்டு என்றுதான் கட்டளைச் சட்டம் சொல்கிறது, அதற்கென்று காப்புறுதி எடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. எடுக்க நினைத்தாலும் கட்டுப்பணம் வருடச் சம்பளத் தொகையை வைத்துத்தான் கணக்கிடப்படும். சம்பளத் தொகைக்குப் பதிவேடு வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறினால் ஊழியர் சேமலாப நிதியும் கட்ட வேண்டும். அதற்குப் பயந்தே நாட்கூலி கையில் கொடுபடுகிறது. இத்தனைக்கும் 2022 திருத்தத்தில் உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாகிவிட்டது, வேலைக்குப் போய்வருகிற வழி விபத்தும் சேர்ந்திருக்கிறது. ஒரு கை போனால் மில்லே போய்விடும் என்கிற நிலையில் காப்புறுதி முதலாளிக்குத்தான் முதலில் தேவை.

இதை எங்கள் முதலாளி ஐயாவுக்குக் கணக்குப் போட்டே காட்டினேன். கவனமாகக் கேட்டார். "நெல்லு வாங்கிற காலம் முடியட்டும் பிள்ளை, பாப்பம்" என்றார். ஆறு பேரின் பெயரை எழுதிப் பதிவேட்டை நான் தொடங்கிவிட்டேன்.