கோடு போட்டவர்களும் படி கட்டியவர்களும்

ஓபி-வான் கெனோபியா, கவுன்ட் டூக்குவா, யார் பெரியவர்? ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. 2002 படத்திலும் சரி, 2005 படத்திலும் சரி, டூக்குவிடம் ஓபி-வான் தோற்றுப்போகிறார். அந்த டூக்குவின் தலையை அனகின் சீவுகிறான். அதே படத்தின் கடைசியில் அனகினைக் கைகால் வெட்டிச் சாய்ப்பது யாரென்றால், ஓபி-வான்! எவரை மேலே வைத்தாலும் அவருக்கு மேலே ஒருவர் நிற்கிறார். பட்டியல் போட உட்கார்ந்தவர் பேனாவை மூடிவைக்க வேண்டியதுதான். ஆனால் ஒருவரும் மூடுவதில்லை.

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் போடும் சண்டை வேறு ரகம். 1966இல் வந்த தொடக்ககால அத்தியாயம் ஒன்றில் கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் 'ஆர்' கிர்க் என்றிருக்கிறது. பிறகு அவர் 'டி' ஆகிவிட்டார். தொலைக்காட்சியில் வழவழ நெற்றியோடு திரிந்த கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தாருக்கு 1979 படத்தில் மேடு முளைத்தது. ஒப்பனைக்குச் செலவழிக்கப் பணம் வந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ரசிகர்கள் விடுவார்களா? 2005இல் தொடரை எடுத்தவர்கள் இரண்டு அத்தியாயம் ஒதுக்கி, மரபணுச் சோதனை ஒன்று விபரீதமானதால் வந்த வினை என்று கதை கட்டியே சமாளித்தார்கள்.

எதைக் கேனன், அதாவது அதிகாரபூர்வமான கதை, என்று ஏற்பது என்பதில் இரண்டு தரப்பும் வேறு வேறு வழி போனதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். ட்ரெக்கில் பொதுவிதி ஒரே கோடு: திரையில் வந்தது கணக்கு, நாவலில் வந்தது கணக்கில்லை. ஸ்டார் வார்ஸில் படி கட்டினார்கள். படங்கள் உச்சியில், நாவல், காமிக்ஸ், வீடியோ கேம் எல்லாம் கீழ்ப்படிகளில். இதற்காக 2000இலிருந்து லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் லீலண்ட் சீ 'ஹோலோக்ரான்' என்ற தரவுத்தளத்தையே பராமரித்தார். படியில் இடம் கிடைத்ததெல்லாம் சான்றாயிற்று. 2008இல் வந்த ஒரு கேமில் ஸ்டார்கில்லர் என்ற நாயகன் வானத்துப் போர்க்கப்பலையே மனவலிமையால் இழுத்துத் தரையில் போடுகிறான். அவனோடு ஒப்பிட்டால் திரையில் வந்த ஜெடாய்கள் சோப்ளாங்கிகள்.

இரண்டு தரப்பும் நேருக்கு நேர் மோதினால் யாருடைய கப்பல் வெல்லும் என்ற சண்டையில், ரசிகர் உலகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒரு கூத்து உண்டு. கர்ட்டிஸ் சாக்ஸ்டன் வானியற்பியலாளர், ஸ்டார் வார்ஸ் ரசிகர். படக் காட்சிகளை வைத்துக் கப்பல்களின் வலிமையைக் கணக்குப்போட்டு வந்தவரையே 2002இல் அதிகாரபூர்வமான குறுக்குவெட்டுப் பட நூலுக்கு எழுத வைத்தார்கள். ஒரு கப்பலின் பீரங்கி ஒருமுறை சுட்டால் 200 ஜிகாடன் என்று அந்த நூலில் அச்சாயிற்று. ட்ரெக் தரப்பில் 1991இன் தொழில்நுட்பக் கையேட்டைத் திறந்தால் ஃபோட்டான் டார்ப்பிடோவில் இருப்பது ஒன்றரைக் கிலோ எதிர்ப்பொருள். கணக்குப் பார்த்தால் சுமார் 64 மெகாடன். மூவாயிரம் மடங்கு வித்தியாசம்! வாதாடியவரே தீர்ப்பும் எழுதினால் நியாயமா என்று ட்ரெக் ரசிகர்கள் கொதித்தார்கள். கொதிப்பு நியாயம்தான். ஆனால் அவர்கள் சான்றாகக் காட்டிய கையேடும் அவர்களுடைய சொந்த விதிப்படி கோட்டுக்கு வெளியேதானே!

2014 ஏப்ரலில் டிஸ்னியின் கைக்குப் போயிருந்த லூகாஸ்ஃபிலிம், பழைய நாவல்களையும் காமிக்ஸையும் கேம்களையும் 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கியது. இருபது வருடம் சேர்த்த சான்றுகள் ஒரே அறிவிப்பில் செல்லாக்காசு. என்னைக் கேட்டால், ட்ரெக்கின் கோடு கஞ்சத்தனமானதுதான், ஆனால் யாருக்கும் ஆசை காட்டி மோசம் செய்யவில்லை.

அந்தக் கோட்டையும் சில சரக்குகள் தாண்டியிருக்கின்றன. ட்ரெக் பாத்திரமான சூலுவுக்கு 'ஹிக்காரு' என்ற பெயர் வோண்டா மெக்கின்டயரின் 1981 நாவலில் வந்து, பத்து வருடம் கழித்து படத்தில் ஏறியது. ஸ்டார் வார்ஸில் டிமதி ஸான் 1991இல் படைத்த த்ரான், 2016இல் 'ரெபல்ஸ்' தொடரில் மறுபடி உயிர்பெற்றான், பழைய சரித்திரம் எதுவும் இல்லாமல். ஸானின் அந்த நாவல் இன்றும் விற்கிறது. அதிலிருந்து யாராவது த்ரானின் வெற்றியைச் சான்று காட்டினால், எதிராளி அட்டையில் உள்ள 'லெஜண்ட்ஸ்' பட்டையை விரலால் தட்டிக் காட்டுவார்.