இந்தியப் படைக்கலக் கொள்முதல்

இந்தியப் படைக்கலக் கொள்முதல் என்பது இந்தியத் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றுக்குத் தேவையான ஆயுதங்கள், வானூர்திகள், கப்பல்கள் முதலியவற்றை வெளிநாடுகளில் வாங்குவதையும் உள்நாட்டில் உருவாக்குவதையும் குறிக்கும். இதற்கு இந்திய ஒன்றிய அரசின் பாதுகாப்பு அமைச்சகம் பொறுப்பாகும். கிடைக்கும் பணத்தில் ஆட்களுக்கு எவ்வளவு, கருவிகளுக்கு எவ்வளவு என்பதும், அக்கருவிகளை வாங்குவதா, செய்வதா என்பதும் இத்துறையில் நெடுங்காலமாகத் தொடரும் வினாக்கள் ஆகும்.

பாதுகாப்புச் செலவின் பிரிவுகள்

2025-26 ஆம் நிதியாண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்திற்கு ஏறத்தாழ 6.81 இலட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவாகும். இத்தொகையின் முதன்மையான பிரிவுகள் பின்வருமாறு:

* வருவாய்ச் செலவு: ஊதியம், எரிபொருள், வெடிமருந்து, பராமரிப்பு முதலியன. ஏறத்தாழ 3.12 இலட்சம் கோடி ரூபாய்.
* மூலதனச் செலவு: புதிய படைக்கலங்கள், கட்டுமானங்கள் முதலியன. 1.80 இலட்சம் கோடி ரூபாய்.
* ஓய்வூதியம்: ஏறத்தாழ 1.61 இலட்சம் கோடி ரூபாய்.

எஞ்சிய தொகை அமைச்சகத்தின் குடிசார் அமைப்புகளுக்கு உரியது. மூலதனச் செலவு முழுவதும் புதிய ஒப்பந்தங்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரு கப்பலோ வானூர்தியோ கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆவதால் அதன் விலை தவணைகளாகச் செலுத்தப்படுகிறது. எனவே முந்தைய ஒப்பந்தங்களின் தவணைகள் மூலதனத் தொகையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன.

ஓய்வூதியச் செலவு மூலதனச் செலவை நெருங்கும் அளவில் இருப்பது தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது. முன்னாள் படைவீரர்களின் நீண்டகாலக் கோரிக்கையான 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டம் 2015 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் நான்காண்டுப் பணிக்கு வீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் சேருவோரில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். படையின் சராசரி வயதைக் குறைப்பதே இதன் நோக்கம் என அரசு கூறியது. ஓய்வூதியச் சுமையைக் குறைப்பதற்காக வீரர்களின் எதிர்காலம் கைவிடப்படுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

வரலாறு

இந்தியாவின் மிகப் பழைய படைக்கலத் தொழிற்சாலை 1801 ஆம் ஆண்டில் கொல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1958 இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. 1962 ஆம் ஆண்டின் இந்திய-சீனப் போரில் ஏற்பட்ட தோல்விக்குப் பின் பாதுகாப்புச் செலவு பெரிதும் உயர்த்தப்பட்டது.

1963 முதல் சோவியத் ஒன்றியத்தின் மிக்-21 போர் வானூர்திகள் வான்படையில் சேர்க்கப்பட்டன. பின்னர் அவை உரிமம் பெற்று நாசிக்கில் உற்பத்தி செய்யப்பட்டன. 1965 ஆம் ஆண்டுப் போரின்போது அமெரிக்கா இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. அதன் பின்னர் சோவியத் ஒன்றியமே இந்தியாவின் முதன்மை வழங்குநர் ஆனது. 1991 இல் அந்நாடு கலைந்தபோது உதிரிப்பாகங்களைப் பெறுவது கடினமாயிற்று.

போபர்ஸ் ஒப்பந்தம்

1986 மார்ச்சில் சுவீடனின் போபர்ஸ் நிறுவனத்துடன் 410 எண்ணிக்கையிலான 155 மி.மீ. பீரங்கிகளுக்கு ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இதில் கையூட்டு வழங்கப்பட்டதாக 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி செய்தி வெளியிட்டது. 1989 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இது முதன்மையான சிக்கலாக விளங்கியது.

1999 ஆம் ஆண்டின் கார்கில் போரில் இப்பீரங்கிகள் மலையுச்சி நிலைகளைத் தாக்குவதில் பெரிதும் பயன்பட்டன. ஆயினும் குற்றச்சாட்டின் விளைவாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தரைப்படைக்குப் புதிய 155 மி.மீ. பீரங்கிகள் வாங்கப்படவில்லை. அமெரிக்காவின் எம்777 பீரங்கிகளுக்கான ஒப்பந்தம் 2016 இல் கையெழுத்தானது. போபர்ஸ் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் உருவாக்கப்பட்ட தனுஷ் பீரங்கிகள் 2019 இல் படையிடம் அளிக்கப்பட்டன.

கொள்முதல் நடைமுறை

கார்கில் போருக்குப் பின் மேற்கொள்ளப்பட்ட சீர்திருத்தங்களின்படி 2001 இல் பாதுகாப்பு அமைச்சரைத் தலைவராகக் கொண்ட பாதுகாப்புக் கொள்முதல் மன்றம் அமைக்கப்பட்டது. 2002 இல் எழுத்து வடிவிலான கொள்முதல் நடைமுறை வெளியிடப்பட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு, 2020 இல் புதிய வடிவம் பெற்றது. பொதுவான படிநிலைகள்:

1. படைகள் தம் தேவையை வரையறுத்தல்
2. மன்றம் அத்தேவையை ஏற்றல்
3. விலைப்புள்ளி கோருதல்
4. தொழில்நுட்ப மதிப்பீடும் களச் சோதனையும்
5. விலைப்புள்ளிகளைத் திறந்து குறைந்த விலை கோரியவருடன் பேசுதல்
6. உரிய அதிகாரத்தின் நிதி ஒப்புதலும் ஒப்பந்தமும்

முறைகேடுகளைத் தடுக்க உருவாக்கப்பட்ட இப்படிகளே காலதாமதத்திற்கும் காரணமாகின்றன எனப்படுகிறது. 126 பன்முகப் போர் வானூர்திகளுக்கு 2007 இல் விலைப்புள்ளி கோரப்பட்டு, 2012 இல் பிரான்சின் ரபேல் தேர்வு செய்யப்பட்டது. எனினும் உடன்பாடு எட்டப்படாமல் 2015 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. மாறாக, 36 ரபேல் வானூர்திகளுக்கு இரு அரசுகளிடையே 2016 இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. முதல் ஐந்து வானூர்திகள் 2020 சூலையில் அம்பாலா வந்தடைந்தன.

உள்நாட்டு உற்பத்தி

மிக்-21 வானூர்திகளுக்கு மாற்றாக இலகுரகப் போர் வானூர்தித் திட்டம் 1983 இல் ஏற்கப்பட்டது. பின்னர் தேஜஸ் எனப் பெயரிடப்பட்ட இவ்வானூர்தி 2001 சனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. இதன் முதல் படையணி 2016 சூலையில் பெங்களூரில் அமைக்கப்பட்டு, 2018 இல் கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு மாற்றப்பட்டது. மேம்படுத்தப்பட்ட மார்க் 1ஏ வகையில் 83 வானூர்திகளுக்கு 2021 இலும், மேலும் 97 வானூர்திகளுக்கு 2025 இலும் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இதன் எந்திரம் அமெரிக்காவில் செய்யப்படுவது. அவ்வெந்திரங்கள் வந்து சேர்வதில் ஏற்பட்ட தாமதம் வானூர்திகளின் வழங்கலையும் பாதித்தது. இதற்கிடையே, 2025 செப்டம்பரில் மிக்-21 முற்றிலுமாக ஓய்வு பெற்றது. அனுமதிக்கப்பட்ட 42 படையணிகளுக்கு எதிராக வான்படையின் பலம் 30 படையணிகளுக்கும் கீழே சென்றது.

இறக்குமதியைக் குறைக்கும் நோக்கில் 2020 ஆகத்தில் 101 பொருட்கள் கொண்ட இறக்குமதித் தடைப் பட்டியல் வெளியிடப்பட்டது. உருசியாவுடன் இணைந்து உருவாக்கப்பட்ட பிரமோஸ் ஏவுகணையை வாங்க 2022 சனவரியில் பிலிப்பீன்சு ஒப்பந்தம் செய்தது.

தமிழ்நாட்டின் பங்கு

சென்னையை அடுத்த ஆவடியில் 1961 இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பிரித்தானிய வடிவமைப்பைக் கொண்ட விசயந்தா டாங்கிகள் இங்கு உருவாக்கப்பட்டன. ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கித் திட்டம் 1974 இல் தொடங்கியது. முதல் 124 டாங்கிகளுக்கான ஆணை 2000 இல் தான் கிடைத்தது. உள்நாட்டு வடிவமைப்பான அர்ஜுனும், உருசிய உரிமம் பெற்ற டி-90 உம் ஒரே தொழிற்சாலையில் உருவாகின்றன. அர்ஜுனின் எடை மிகுதி எனத் தரைப்படையினர் கூறி வந்ததால் டி-90 டாங்கிகளே பெரும் எண்ணிக்கையில் வாங்கப்பட்டன. மேம்படுத்தப்பட்ட 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 2021 செப்டம்பரில் ஆணை வழங்கப்பட்டது.

2018 இல் அறிவிக்கப்பட்ட இரு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்களுள் ஒன்று தமிழ்நாட்டில் அமைந்துள்ளது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்தும் இதன் மையங்கள் ஆகும்.