பட்டம் விட்டவனும் பட்டத்தை எடுக்க ஓடியவனும்

போரைப் பற்றிய நாவல்களில் பகைவர்களைப் பார்க்கிறோம், வீரர்களைப் பார்க்கிறோம், அகதிகளைப் பார்க்கிறோம். வீட்டு வேலைக்காரனை அபூர்வமாகவே பார்க்கிறோம். ஆப்கானிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்றிய காலித் ஹுசைனி 2003 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் 'பட்ட விரட்டி' என்ற பெயரில் தமிழுக்கும் வந்த நாவல் அந்த வகையில் விதிவிலக்கானது. அதனை ஆப்கான் போரின் கதை என்றே பலரும் பேசி வந்திருக்கின்றனர். மாத்தளையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது மலைநாட்டின் லயங்களை நினைவூட்டிய கதையாகவே பட்டது.

நாவலின் அமீர், காபூல் நகரத்துச் செல்வந்தரின் மகன், பஷ்தூன் இனத்தவன். ஹசன் அந்த வீட்டு வேலைக்காரரின் மகன், ஹஸாரா இனத்தவன். இருவரும் ஒரே வளவில் வளர்கின்றனர். அமீர் பட்டம் விடுவான். அறுந்து வீழும் பட்டத்தை எடுத்துவர ஹசன் ஓடுவான். அமீர் கதை வாசிப்பான். எழுத்தறியாத ஹசன் கேட்டிருப்பான். 1975 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பட்டத்தை மீட்கப் போன ஹசன் கொடுமைக்குள்ளாகும்போது, அமீர் மறைந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். போர் வந்ததும் அமீரின் குடும்பம் அமெரிக்கா சென்றுவிடுகிறது. பல ஆண்டுகளின் பின், அதே வீட்டைக் காத்து நின்ற ஹசன் தலிபான்களால் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

இந்த நட்பின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1891 முதல் 1893 வரை அமீர் அப்துர் ரஹ்மான் கான் ஹஸாரா மக்கள்மீது நடத்திய படையெடுப்புகளில் பலர் கொல்லப்பட்டனர்; பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அடிமைமுறை 1923 ஆம் ஆண்டின் அரசியலமைப்பினால் ஒழிக்கப்பட்ட பின்னரும் ஹஸாராக்களிற் பலர் காபூல் நகரத்து வீடுகளில் ஏவலாளர்களாகவே எஞ்சினர். அதாவது, போர் வருவதற்கு முன்பே அந்த வளவுக்குள் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது.

அத்தகைய ஒரு கோடு எங்கள் மண்ணிலும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து புறப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாகத் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். கொலராவினாலும் பட்டினியினாலும் வழியிலேயே மாண்டோர் ஏராளம். உயிரோடு வந்து சேர்ந்தோருக்கு மலையேறுவதற்கு முன் கிடைத்த முதல் நகரம் மாத்தளை. 1880 இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. கோப்பி அழிந்து தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வந்தன. லயம் மாத்திரம் மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவர்களாக்கியது.

நாடற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். கணக்கப்பிள்ளையின் மகன் நகரத்துப் பாடசாலைக்குப் போவான். அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தொழிலாளியின் மகன் மலைக்குப் போவான், அல்லது தரகர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வீட்டு வேலைக்குப் போவான். சம்பளம் தகப்பனிடம் சேரும். போன வீட்டிலே அவனுடைய வயதை ஒத்த பிள்ளை ஒன்று இருக்கும். மாலை வேளைகளில் இருவரும் விளையாடுவர். துடுப்பெடுத்தாடுவது வீட்டுப் பிள்ளை. பந்து பொறுக்குவது மலைநாட்டுப் பையன். தைப்பொங்கல் காலத்தில் யாழ்ப்பாணத்து வானத்திலே ஏறும் பட்டத்துக்கு நூல் பிடிப்பவன் ஒருவன். வேலி தாண்டி அதனை எடுக்க ஓடுபவன் மற்றவன். அது நட்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் மேசைக்கும் மற்றவன் குசினிக்கும் போனான் என்பதையும் மறைக்க இயலாது.

1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. கொழும்பிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கப்பல்களில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டன. அவற்றுட் பல பின்னர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றன. அந்த வீடுகளில் இருந்த பையன்களுக்கு அப்படி ஒரு பயணம் வாய்க்கவில்லை. லயத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு. 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின்னரும் 1983 இன் பின்னரும் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய உறவினர்களோடு சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. அங்கேயும் பலருக்குப் பிறர் காணியில் கூலி வேலைதான் கிடைத்தது. போரின் கடைசி ஆண்டுகளில், வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகள் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டபோது, வெளியேறுவதற்குப் பணமோ ஆள் பலமோ இல்லாதவர்களே அதிகம் அகப்பட்டனர்.

எமது போர் இலக்கியம் தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான கோட்டை விரிவாக எழுதியிருக்கிறது. எரிந்த நூலகமும் எரிந்த வீடும் அதிலே இருக்கின்றன. தமிழ் வீட்டுக்குள் வரவேற்பறைக்கும் குசினிக்கும் இடையில் இருந்த கோட்டை மலையக எழுத்தாளர்கள் தம் சிறுகதைகளில் எழுதியிருக்கின்றனர்; அது ஹசனின் பக்கத்திலிருந்து வந்த சாட்சியம். அமீரின் பக்கத்திலிருந்து, நான் வாசித்த வரையில், மிகச் சிலவே வந்துள்ளன. ஹுசைனியின் நாவலுக்குரிய பலம் அது எசமானின் பிள்ளையே சொல்லும் வாக்குமூலம் என்பதுதான். அதன் பலவீனமும் அதுவே: இறுதிவரை ஹசனின் துயரம் அமீரின் மன அமைதிக்கான வழியாகவே பயன்படுகிறது.

இதனைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2021 ஜூலையில், மலையகத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் உயிரிழந்த செய்தி நாட்டை உலுக்கியது. சில வாரங்கள் பேசப்பட்டது, பிறகு ஓய்ந்துவிட்டது.

1970களில் அந்த வீடுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று உலகெங்கும் பேரப்பிள்ளைகளுடன் வாழ்கின்றனர். இந்தப் பக்கத்தை வாசிப்போரிலும் சிலர் இருக்கக்கூடும். பல வீடுகளில் அவன் வெறும் 'பெடியன்' என்றே அழைக்கப்பட்டான். அவனுடைய உண்மையான பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தான், எந்த ஆண்டில் எங்கே போனான் என்பதை அறிந்தோர் அவர்கள் மாத்திரமே. நாவலாக எழுத வேண்டும் என்பதில்லை. நினைவில் உள்ளதை உள்ளபடி ஒரு பக்கம் எழுதி வைத்தாலும் அது வரலாறாகும்.