வேட்டைச் சிலந்தியும் சுண்டெலியும்

அழைக்காமல் வீட்டுக்குள் வருகிற உயிர்கள் பல. அவற்றில் இரண்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஒன்று, குளியலறைச் சுவரில் கையகலத்துக்குக் கால் பரப்பி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய எட்டுக்கால் பூச்சி. மற்றது, அரிசி மூட்டைக்குப் பின்னால் சுரண்டிக்கொண்டிருக்கும் சுண்டெலி. இரண்டையும் அடித்துக் கொல்ல மனம் வராமல், பிடித்து வெளியே விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சிலந்தி விஷயத்தில் அந்த எண்ணம் நினைத்தபடியே பலிக்கிறது. எலி விஷயத்தில் பெரும்பாலும் பலிப்பதில்லை. பிடிக்கிறவரின் மனம் இரண்டிலும் ஒன்றுதான். பிடிபடுகிற உயிரின் வாழ்க்கைதான் வேறு.

சிலந்தியிலிருந்து தொடங்கலாம். அறிவியலில் ஹெட்டரோபோடா வெனடோரியா என்று பெயர். வெப்ப நாடுகளில் வீடு இருக்கும் இடமெல்லாம் இதுவும் இருக்கும். வலை பின்னி இரைக்குக் காத்திருக்கிற வகை இல்லை. இரவில் சுவரில் ஓடிக் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும். அந்த வகையில் சம்பளம் கேட்காத வேலைக்காரர். ஆனாலும் தலைக்கு மேல் அது நிற்கும்போது குளிக்க முடியாது என்பவர்களோடு வாதாடிப் பயனில்லை.

பிடிக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மேலே டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகுவது. நம் வீடுகளில் இதற்கு ஒரு தடை உண்டு. கைக்கு முதலில் கிடைப்பது எவர்சில்வர் டம்ளர். அதன் வழியே உள்ளே தெரியாது, வாயும் சிறியது. இந்தச் சிலந்தி கால்களை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். டம்ளரின் விளிம்பில் ஒரு கால் நசுங்கினால் சிலந்தி அந்தக் காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். இளம் சிலந்திக்கு அடுத்தடுத்துத் தோல் உரிக்கும்போது கால் திரும்ப முளைக்கும். தோல் உரிக்கும் பருவம் தாண்டியதற்கு முளைக்காது. ஆகவே ஐஸ்கிரீம் வாங்கிய அகலமான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாதான் சரி. அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை விட நல்லது கிடையாது. விறைப்பாகவும் இருக்கும், வழவழப்பாகவும் இருக்கும். கால்கள் தாமாக உள்ளே மடங்கும் வரை பொறுத்து, பிறகு பத்திரிகையைத் தள்ள வேண்டும். கொண்டுபோய் மரத்தடியிலோ விறகு அடுக்கிலோ இருட்டில் விட்டால் வேலை முடிந்தது. பட்டப்பகலில் வெட்டவெளியில் விட்டால் காக்கைக்குப் பரிமாறியதாக ஆகும்.

குளிர் நாடுகளில் இது இவ்வளவு எளிதில்லை. அங்கே வீட்டுச் சிலந்திகளில் பல, தலைமுறை தலைமுறையாகக் கட்டடத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகியவை. அவற்றைத் தோட்டத்தில் விடுவது திருப்பி அனுப்புவது ஆகாது, அவை அங்கிருந்து வரவே இல்லை என்று சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகத்தின் சிலந்தி ஆய்வாளர் ராட் கிராஃபர்ட் எழுதியிருக்கிறார். நம் ஊரில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே புழுக்கம். குளியலறைச் சுவரும் தென்னை மரமும் வேட்டைச் சிலந்திக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

சுண்டெலிக்கு வித்தியாசம் உண்டு. அது வாழ்கிற வட்டாரம் மிகச் சிறியது. சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் வீட்டில் சில மீட்டர்தான். அதற்குள் எந்த இடுக்கு எங்கே போகும், எந்த டப்பாவின் மூடி சரியாக மூடாது என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். சுவரை ஒட்டி, மீசை உரச, தன் வாசனைத் தடத்திலேயே போய்வரும். புதிய பொருளைக் கண்டால் முகர்ந்து பார்க்காமல் இருக்காது. அதனால்தான் எலிக்கூட்டில் முதல் இரவே சிக்கிக்கொள்கிறது. பெரிய வீட்டு எலி அப்படியில்லை. புதிதாக எதை வைத்தாலும் சில நாள் சந்தேகப்பட்டு ஒதுங்கிப் போகும். கூட்டின் கதவை மூடாதபடி இழுத்துக் கட்டிவிட்டு, நாலைந்து நாள் மசால்வடையைத் தின்ன விட்டு, பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும்.

கூட்டில் சிக்கிய பிறகு நடப்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. இரவு எட்டு மணிக்குச் சிக்கிய சுண்டெலி காலை வரை அந்தக் கம்பிகளுக்குள் முட்டிக்கொண்டிருக்கும். உடம்பு சிறியது என்பதால் சூட்டைச் சீக்கிரம் இழக்கும். உணவில்லாமல் வெகுநேரம் தாங்காது. மூஞ்சூறு சிக்கினால் நிலைமை இன்னும் மோசம். அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டிய உடம்பு. பிள்ளையார் வாகனம் என்று பயபக்தியோடு காலையில் திறந்துவிட வருபவர், சில சமயம் செத்துக் கிடப்பதைத்தான் பார்ப்பார்.

உயிரோடு இருக்கும் எலியை எங்கே விடுகிறோம்? பொதுவாக அடுத்த தெருவின் காலி மனையில். அடுத்த தெருக்காரர் தம் எலியை எங்கே விடுகிறார் என்று விசாரிக்காமல் இருப்பது நல்லது. இன்னும் தள்ளிப் போய் ஏரிக்கரையில் விட்டால் நமக்குத் தொல்லை தீரும். எலிக்கு அங்கே ஒரு வளையும் தெரியாது, ஒரு வழியும் தெரியாது. முன்பே குடியிருக்கும் எலிகள் அந்நியரைக் கடித்து விரட்டும். பூனை, நாய், காக்கை எல்லாம் காத்திருக்கும். நாம் மட்டும் ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வண்டியைத் திருப்புகிறோம்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு பிள்ளைகளைப் பொறுத்தது. வேட்டைச் சிலந்தியின் பெண் முட்டையிட்டதும் அவற்றைத் தட்டையான ஒரு பைக்குள் வைத்துப் பின்னி, தன் வயிற்றுக்கு அடியில் தூக்கிக்கொண்டே திரியும். ஒரு பையில் இருநூறு முட்டை வரை இருக்கலாம். டப்பாவைக் கவிழ்த்து அதைக் கொண்டுபோனால் குடும்பம் முழுவதும் கூடவே போகிறது. அந்த வெள்ளை வட்டைக் கண்டால் கொஞ்சம் மெதுவாகக் கையாள வேண்டும், அவ்வளவுதான். சுண்டெலித் தாய் குட்டிகளைப் பரணிலோ சுவரின் பொந்திலோ விட்டுவிட்டுத்தான் இரை தேட வரும். குட்டிகள் கண் திறக்காமல், மயிர் இல்லாமல் பிறப்பவை. ஏறக்குறைய மூன்று வாரம் தாய்ப்பால்தான். அந்தத் தாயை நாம் ஏரிக்கரைக்கு அனுப்பினால் குட்டிகள் நமக்குத் தெரியாமலே பட்டினியில் சாகும். கொல்லாமல் விட்டோம் என்ற கணக்கில் அவை வருவதே இல்லை. கூட்டை உயர்த்தி அடியிலிருந்து பார்த்தால், பால் கொடுக்கும் எலியின் காம்புகள் சுற்றிலும் மயிர் உதிர்ந்து தெளிவாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வந்த இடத்திலேயே விட்டுவிட்டு, உணவை இறுக மூடி வைத்துச் சில வாரம் பொறுப்பது ஒன்றுதான் நியாயமான வழி.

திகம்பர சமணத் துறவிகள் கையில் வைத்திருக்கும் மயில்பீலி இங்கே நினைவுக்கு வருகிறது. உட்காரும் இடத்தில் எறும்போ பூச்சியோ இருந்தால் அதனால் மெல்ல ஒதுக்குவார்கள். பூச்சி ஒரு சாண் தள்ளிப் போகும். தன் உலகத்தை விட்டுப் போகாது. டப்பாவும் பத்திரிகையும் கிட்டத்தட்ட அந்த அளவு வேலைதான் செய்கின்றன. எலிக்கூடு செய்வது நாடு கடத்தல்.

இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள்: சுண்டெலியை எப்படியும் அகற்றியே ஆக வேண்டும் என்றால், நொடியில் முடிக்கிற விசைப்பொறி, ஏரிக்கரை விடுதலையை விட எலிக்கு நல்லதாக இருக்கலாம். பசை அட்டையை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு துடிக்க வைக்கும் அதை நியூசிலாந்து 2015-இலேயே கட்டுப்படுத்தியது. இங்கிலாந்தில் 2022-இல் சட்டம் நிறைவேறி, 2024 ஜூலை இறுதியில் நடைமுறைக்கு வந்தது. நம் கடைகளில் இன்னும் தொங்குகிறது.

பிடிப்பதற்கு முந்தைய வேலையிலும் இரண்டும் வேறு வேறு. சிலந்திக்கு எதையும் அடைக்கத் தேவையில்லை. கரப்பான் குறைந்தால் அதுவும் குறையும். சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற ஓட்டை போதும், 6 மில்லிமீட்டர். அதை அடைக்காமல் கூட்டை வைப்பது, ஒன்று போனால் அடுத்தது வர இடம் காலி செய்து கொடுப்பதுதான். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினால் கடித்துத் திறக்காது. எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் கூட்டைத் தொடும்போதும் பொந்தைத் துடைக்கும்போதும் கையுறை வேண்டும். பூசுவதற்கு முன் ஓட்டை வாயில் கொஞ்சம் மாவைத் தூவி, இரண்டு மூன்று இரவு தடம் விழுகிறதா என்று பார்ப்பது நல்லது. உள்ளே குட்டிகள் இருக்கும்போதே அடைத்துவிட்டால் அவையும் சாகும், வீட்டில் நாற்றமும் ஒரு வாரத்துக்குப் போகாது.