ஆளணியும் அறமும்

ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த சில நாட்களுள், பெற்றோரும் மாணவரும் எனது அலுவலக வாயிலில் வந்து நிற்பது வழக்கம். மருத்துவம், பொறியியல், சட்டம் என்பன எவை என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வணிகத் துறையிற் கற்ற பிள்ளை, "மனிதவள முகாமைத்துவம் படிக்கலாமா, ஐயா?" என்று கேட்கும்போது மட்டும் உடன்வந்தோர் முகத்தில் ஓர் ஐயம் படரும். "இடாப்புப் பார்க்கிற வேலைக்கும் ஒரு பட்டமோ?" என்று தந்தையார் ஒருவர் ஒருமுறை என்னிடம் வினவினார். அவருக்கு அன்று நான் கூறிய விடையையே இன்று சற்று விரித்து நேயர்கள் முன் வைக்கின்றேன். அவ்விடை ஒரு வரலாறு.

ஆட்களைச் சேர்ப்பதும், வேலை வாங்குவதும், கூலி கொடுப்பதும் என்றும் எவரோ ஒருவர் செய்து வந்த கருமமே. நமது மலைநாட்டுத் தோட்டங்களிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கருமத்தைச் செய்தவர் பெரிய கங்காணி. தென்னிந்தியக் கிராமங்களுக்குச் சென்று ஆள் திரட்டியவர் அவர். வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்தவர் அவர். காலையிற் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலைக்கு அனுப்பியவரும் அவரே. வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டத்திடம் அவர் பணம் பெற்றார். கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளி தோட்டம் மாறினாலும் கடன் மாறவில்லை. அதுவும் அவனோடு நடந்து சென்றது.

கங்காணிகள் யாவரும் கொடியவர் என்று கூறுதல் முறையன்று. உறவினராகவும் ஊர்ப் பெரியவராகவும் நின்று தம் ஆட்களை ஆதரித்தோரும் அவருள் இருந்தனர். ஆயினும் ஆட்சேர்ப்பு, மேற்பார்வை, கடன், கூலி ஆகிய நான்கும் ஒரே கையில் இருந்தன. ஆகவே குறையுற்றவன் சென்று முறையிடுவதற்கு வேறொரு வாசல் இருக்கவில்லை. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921ஆம் ஆண்டிலேயே.

அந்த வேறொரு வாசல் எங்கே, எவ்வாறு திறந்தது என்பதே இக்கல்வியின் வரலாறு. அதனை அறிய, அக்காலத்தில் நம்மை ஆண்ட பிரித்தானியாவுக்குச் செல்லுதல் வேண்டும். 1800ஆம் ஆண்டில் றொபேட் ஓவன் என்பார் ஸ்கொத்லாந்திலுள்ள நியூ லனாக் பஞ்சாலையின் நிருவாகத்தை ஏற்றார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்குச் சேர்ப்பதை அவர் நிறுத்தினார். 1816இல் அவர்களுக்கென்று பாடசாலை திறந்தார். அமெரிக்காவின் வர்த்தகத் தடையினாற் பஞ்சு வரவு தடைப்பட்டு ஆலை நான்கு மாதம் ஓடாதிருந்தபோதும் தொழிலாளருக்குக் கூலி கொடுத்தார். உயிரற்ற இயந்திரத்துக்கு எண்ணெய் இட்டுப் பேணும் முதலாளி, உயிருள்ள இயந்திரத்தை ஏன் பேணுவதில்லை என்பதே அவர் சக முதலாளிகளைக் கேட்ட கேள்வி. அதே ஓவன் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு நிறங்கொண்ட மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, முன்னாளில் அவர் வேலை செய்த தரத்தைக் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று காட்டச் செய்தார். பரிவும் கண்காணிப்பும் இத்துறையில் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

1896இல் யோர்க் நகரிலுள்ள றவுண்ட்றி கொக்கோத் தொழிற்சாலை, அங்கு வேலை செய்த பெண்களின் நலன் பேணுவதற்கென மேரி வூட் என்னும் பெண்மணியை நியமித்தது. நோயுற்றோரைப் பார்ப்பதும் குறை கேட்பதும் அவர் பணிகளாயின. 1913இல் அதே நகரில் இத்தகைய நலன்புரி உத்தியோகத்தர் கூடிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அச்சங்கமே பெயர்கள் பல மாறி, 1946இல் ஆளணி முகாமைத்துவ நிறுவகமாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவிலோ இவ்வேலை ஆராய்ச்சிப் பொருளாயிற்று. சிக்காகோவை அடுத்த ஹோதோண் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பரிசோதனைகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதே தொடக்க வினா. வெளிச்சத்தைக் குறைத்தபோதும் சில வேளைகளில் உற்பத்தி கூடியது கண்டு ஆய்வாளர் திகைத்தனர். பின்னர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை அழைத்து அவர்தம் மனக்குறைகளைக் கேட்டனர். தன்னை ஒருவர் பொருட்படுத்துகின்றார் என்ற உணர்வு தொழிலாளியை மாற்றுகின்றது என்னும் கருத்து இவற்றிலிருந்து பரவியது. பிற்காலத்தார் அம்முடிவுகளின் வலிமையை ஐயுற்றனராயினும், தொழிலாளி வெறும் 'கை' அன்று, மனமுள்ள மனிதன் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. 1945இற் கோணெல் பல்கலைக்கழகத்திற் கைத்தொழில், தொழிலுறவுகளுக்கென்றே ஒரு கல்லூரி தோன்றியது. 1980களில் 'ஆளணி' என்ற சொல் பின்தள்ளப்பட்டு 'மனிதவளம்' என்ற சொல் முன்வந்தது.

நம் நாட்டில் இவ்வாசலை முதலிற் திறந்தவை சட்டங்களும் தொழிற்சங்கங்களுமே. 1941இற் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1950இற் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும், 1954இற் கடை, காரியாலய ஊழியர் சட்டமும், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் பிறந்தன. இன்று அந்நிதிக்கு ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். சட்டம் வளர வளர, அதனை அறிந்து நடத்துவோர் நிறுவனந்தோறும் வேண்டப்பட்டனர். 1959இல் இலங்கையில் ஆளணி முகாமைத்துவ நிறுவகம் தோன்றியது. 1976இல் அது சட்டத்தினாற் கூட்டிணைக்கப்பட்டது. இன்று யாழ்ப்பாணம், கொழும்பு, களனி முதலிய பல்கலைக்கழகங்களில் மனிதவள முகாமைத்துவத்துக்கெனத் தனித் துறைகள் உள்ளன.

இத்துறைக்குட் செல்லும் மாணவர் ஆட்சேர்ப்பு, பயிற்சி, சம்பள அமைப்பு, தொழிற்சட்டம், தொழிலுறவு, உளவியல் ஆகியவற்றைக் கற்பர். வங்கி, ஆடைத் தொழிற்சாலை, தோட்டக் கம்பனி, விடுதி, வைத்தியசாலை என ஆட்கள் கூடி வேலை செய்யும் இடமெல்லாம் அவர்களுக்கு இடமுண்டு. முதலிற் உதவி உத்தியோகத்தர், பின்னர் பயிற்சி அல்லது தொழிலுறவுப் பொறுப்பு, அனுபவம் முதிர முகாமையாளர் என்பது வழக்கமான படிவரிசை. போட்டிப் பரீட்சை எழுதி அரச சேவைக்குட் செல்வோரும் உளர்.

என் மாணவன் ஒருவன் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இவ்வேலையில் இருக்கின்றான். ஒரே மாதத்தில் மும்முறை பிந்தி வந்த பெண்ணொருத்திக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதும்படி மேலிடம் அவனைப் பணித்தது. எழுதுமுன் அவளை அழைத்து இருத்திக் காரணம் கேட்டான். அவள் ஊரிலிருந்து புறப்படும் காலைப் பேருந்தின் நேரம் மாறியிருந்தது. கடிதத்துக்குப் பதிலாக வேலை நேரத்தை மாற்றும் விண்ணப்பம் ஒன்றை அவன் மேலிடத்துக்கு எழுதினான். அது ஏற்கப்படுவதற்கு இரண்டு வாரமாயிற்று. அவ்விரு வாரமும் தன் வேலை தப்புமோ என்று அஞ்சியே இருந்ததாக என்னிடம் கூறினான்.

அந்த அச்சத்திலேயே இத்தொழிலின் உண்மை அடங்கியுள்ளது. சம்பளம் கொடுப்பவர் தொழில்தருநர். முறையிட வருபவர் தொழிலாளி. இருவர்க்கும் இடையே இருக்கும் நாற்காலியே அவனுடையது. அதில் இருப்பவர் முன்னவரின் கண்காணிப்புக் கட்டையாக மாத்திரம் ஆகிவிட்டால், பட்டம் பெற்றதொரு கங்காணியை உருவாக்கியதாகவே நமது பல்கலைக்கழகக் கல்வி முடியும். பின்னவரின் குரலையும் அவர் காதிற் கொள்வாராயின், அன்று பெரட்டுக் களத்தில் நின்றவனுக்குக் கிடையாத வாசல் இன்று திறந்திருக்கும்.

அந்தத் தந்தையாருக்கு நான் கூறியதும் இதுவே. இடாப்பில் இருப்பவை பெயர்கள். ஒவ்வொரு பெயரின் பின்னும் ஒரு குடும்பம் உண்டு. அதனை அறிந்து இடாப்புப் பார்ப்பதற்குப் பட்டமும் வேண்டும். பட்டத்தினும் மேலாக நெஞ்சமும் வேண்டும். அவர் மகள் அத்துறையையே தெரிந்தெடுத்தாள்.