ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம்?

போன மாதம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முடிக்க வேண்டியிருந்தது. நூலகத்தில் வாய் திறந்தால் துரத்துவார்கள். கல்லூரி கேன்டீன் மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். சரி, மவுண்ட் ரோடு பக்கம் எங்காவது உட்கார்ந்து பேசலாம் என்று கிளம்பினோம்.

ஏ.சி. போட்ட ஒரு காபிக் கடைக்குள் நுழைந்து விலைப்பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றியது. ஒரு கப்புசினோ காசில் எங்கள் மெஸ்ஸில் இரண்டு நாள் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். ஐந்து பேருக்கு இரண்டு காபி சொன்னோம். அரை மணி நேரத்தில் மூன்று முறை வந்து "வேற ஏதாவது வேணுமா சார்?" என்று கேட்டார்கள். நான்காவது முறை கேட்பதற்குள் நாங்களே எழுந்துவிட்டோம். எதிரே டீக்கடை. டீ மலிவுதான், ஆனால் உட்கார நாற்காலி இல்லை. மீதி ரிப்போர்ட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றபடி எழுதினோம். :-)

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். நாங்கள் தேடியது காபி இல்லை, நாற்காலி! நகரத்தின் நடுவே, மலிவான காபியும் எழுப்பிவிடாத நாற்காலியும் சேர்ந்து கிடைத்த காலம் ஒன்று இருந்ததா என்று தேடினேன். இருந்திருக்கிறது. இந்தியன் காபி ஹவுஸ். அதன் கதையைப் படிக்கப் படிக்க, பி.காம். மாணவனாக எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அந்த நாற்காலிக்கு யார் பணம் கட்டினார்கள்?

முதலில் கட்டியது: காபித் தொழில்

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருட்களின் விலையெல்லாம் சரிந்தது. காபியும் தப்பவில்லை. மைசூர், குடகு, சென்னை மாகாண மலைகளில் விளைந்த காபியில் பெரும்பங்கு வெளிநாட்டுச் சந்தையை நம்பியிருந்தது. நம் ஊரில் காபி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் பம்பாய், டில்லி, கல்கத்தா மக்களுக்குக் காபி அவ்வளவாகப் பழக்கமில்லை.

1935-இல் ஒரு சட்டம் வந்தது. காபி மீது சிறிய செஸ் விதித்து, அந்தப் பணத்தில் காபிக்கு விளம்பரம் செய்ய ஒரு கமிட்டி அமைத்தார்கள். அந்தக் கமிட்டி 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் ஒரு காபி ஹவுஸ் திறந்தது. அப்போது அதன் பெயர் 'இந்தியா காபி ஹவுஸ்'. பிறகு மற்ற நகரங்களிலும் கிளைகள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போனதும் உள்நாட்டில் விற்றாக வேண்டிய கட்டாயம் இன்னும் கூடியது. 1942-இல் காபி போர்டு வந்தது. அதே ஆண்டில்தான் கல்கத்தா கல்லூரித் தெருவில், 1876-இல் கட்டிய ஆல்பர்ட் ஹாலில் காபி ஹவுஸ் தொடங்கியது.

இந்தக் கடைகளின் வேலை காபி விற்று லாபம் பார்ப்பது அல்ல, காபிப் பழக்கத்தை உண்டாக்குவது. எங்கள் பாடப் புத்தக மொழியில் சொன்னால் அந்தக் காபியை 'விளம்பரச் செலவு' கணக்கில்தான் எழுத வேண்டும். அதனால் ஒரு கோப்பையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. உட்கார்ந்திருப்பவனே விளம்பரம்தானே!

இரண்டாவதாகக் கட்டியது: தொழிலாளர்கள்

விளம்பரம் வேலை செய்துவிட்டால் விளம்பரச் செலவை வெட்டுவார்கள். 1950களின் நடுவில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்தது. வெள்ளை உடுப்பும் விசிறி மாதிரி விரிந்த தலைப்பாகையுமாக நின்ற சர்வர்களும் சமையல்காரர்களும் திடீரென்று வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள்.

அப்போது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் ஒரு வழி சொன்னார். மூடப்போகிற கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பதுதான் அது. போராடி அதற்குக் காபி போர்டைச் சம்மதிக்க வைத்தார்கள். 1957-இல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே ஆண்டு டில்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் வந்தது. 'இந்தியா' காபி ஹவுஸ் 'இந்தியன்' காபி ஹவுஸ் ஆனது.

நேற்று வரை தட்டு ஏந்தியவர் இன்று பங்குதாரர். தனி முதலாளி இல்லை, எனவே முதலாளிக்கு ஒதுக்க வேண்டிய லாபமும் இல்லை. கேரளாவில் திருச்சூர், கண்ணூர் என்று இரண்டு சங்கங்கள் இன்றும் பல கிளைகளை நடத்துகின்றன (அங்கே மசால் தோசைக்குள் பீட்ரூட் வரும், பயப்படாதீர்கள்). முன்பு செஸ் பணம் தாங்கிய நாற்காலியை இப்போது லாபம் எதிர்பார்க்காத தொழிலாளர்களின் உழைப்பு தாங்கியது.

1958-இல் கல்லூரித் தெரு காபி ஹவுஸ் மூடப்பட்டபோது, அதைத் திறக்கச் சொல்லி பிரசிடென்சி கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் அது மறுபடி திறந்தது. ஒரு ஓட்டலைத் திறக்கச் சொல்லி பேராசிரியர்கள் மனு! எங்கள் கேன்டீனுக்கு யாராவது கொடுத்தால் தேவலை.

மூன்றாவது ஆள்: இடத்துக்குச் சொந்தக்காரர்

இனிமேல்தான் கதை கசக்கிறது. காபி ஹவுஸ்கள் சிக்கலில் மாட்டிய இடங்களை வரிசையாகப் பார்த்தேன். எங்கேயும் காபி கெட்டுப்போனதால் பிரச்சினை வரவில்லை. இடம்தான் பிரச்சினை.

டில்லி கனாட் பிளேஸ் காபி ஹவுஸில் பத்திரிகைக்காரர்களும் அரசியல்வாதிகளும் நாள் முழுக்க உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார்கள். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அதை இடித்தார்கள். அந்தப் பகுதியில் பின்னர் பாலிகா பஜார் வந்தது. காபி ஹவுஸ் மோகன் சிங் பிளேஸ் வணிக வளாகத்தின் மாடிக்குப் போனது.

பெங்களூர் எம்.ஜி. ரோடு காபி ஹவுஸ் சுமார் அரை நூற்றாண்டு இருந்த இடத்தை 2009 ஏப்ரலில் காலி செய்தது. கட்டட உரிமையாளருடன் நடந்த வழக்கின் முடிவு அது. பிறகு சர்ச் ஸ்ட்ரீட்டில் மறுபடி திறந்தார்கள்.

நம்ம சென்னையிலும் அதே கதை உண்டு. 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மரத்தடியில் எத்தனையோ எழுத்தாளர்களும் மருந்து கம்பெனி பிரதிநிதிகளும் மாணவர்களும் ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிலம் ஓட்டலுக்குச் சொந்தமில்லை. 2008-இல் கடை மூடியது. 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. காபிதான் இல்லை.

சின்னதாக ஒரு கணக்கு போடுவோம் (எண்கள் என் கற்பனை). கடையில் 20 மேசை, மாத வாடகை 3 லட்சம், தினமும் 10 மணி நேரம், 30 நாள். மொத்தம் 6,000 மேசை-மணி. ஒரு மேசைக்கு ஒரு மணி நேரத்துக்கு 50 ரூபாய் வாடகை. பாதி மேசைகள் காலியாகத்தான் இருக்கும் என்றால் 100 ரூபாய். இரண்டு பேர் இரண்டு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 200 ரூபாய் வாடகை. அதாவது பால், டிகாக்ஷன், சம்பளம் எதையும் சேர்க்காமலே ஒரு காபிக்கு 100 ரூபாய்! அதே கடையின் வாடகை 30,000 என்றால் ஒரு காபிக்கு 10 ரூபாய்தான்.

1996-இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே தன் முதல் கடையைத் திறந்தது. அன்றிலிருந்து நமக்குத் தெரிந்த காபிக் கடையின் விலை இந்த முதல் கணக்கில் வருவது. எங்களிடம் "வேற ஏதாவது?" என்று கேட்ட பையன் மேல் இப்போது எனக்குக் கோபமில்லை. அவன் எங்கள் மேசையின் வாடகையைத்தான் கேட்டிருக்கிறான்.

ஆனால் இதில் நாம் இழப்பது காபியை மட்டுமல்ல. யான் மார்ட்டெல் 2001-இல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில், எழுத்தாளருக்கு அந்தக் கதை கிடைப்பது புதுச்சேரி நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில், ஒரு முதியவர் வந்து பேச்சுக் கொடுக்கும்போது. நிமிடத்துக்கு வாடகை ஓடுகிற மேசையில் முன்பின் தெரியாதவரிடம் யார் கதை கேட்பார்கள்? காசில்லாதவர்கள் உட்கார்ந்து பேச நகரத்தின் நடுவே இடமே இல்லையென்றால், பேச்சும் காசுள்ளவர்களுடையதாகிவிடும்.

சரி, எங்கள் ப்ராஜெக்ட் என்ன ஆச்சு? அடுத்த முறை கணக்கைப் பார்த்து இடம் பிடித்தோம். சொந்தக் கட்டடத்தில் நடக்கிற ஒரு பழைய சைவ ஓட்டல். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாலை டிபன் தொடங்காத அந்த ஒரு மணி நேரம். மேசைகள் எப்படியும் சும்மாதான் கிடக்கும். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் 'ஐடில் கெப்பாசிட்டி' என்று படித்தது முதல் தடவையாக உபயோகப்பட்டது. ஐந்து டபரா காபி வந்தது. யாரும் எழுப்பவில்லை. கிளம்பும்போது சர்வர் அண்ணனுக்கு டிப்ஸ் வைத்தோம். அதை நாற்காலி வாடகை என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.

உங்கள் ஊரில் அப்படி எழுப்பாத நாற்காலி எங்கே இருக்கிறது? தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த செமஸ்டரிலும் ப்ராஜெக்ட் இருக்கிறது.