ஃபோர்வீல் எப்போது உதவும், எப்போது உதவாது?

மாரி தொடங்கினால் வன்னியின் உள்வீதிகள் களியாகிவிடும். குளங்கள் வான் பாயும்போது வீதிக்குக் குறுக்கே வெள்ளம் ஓடும். நோயாளியை ஏற்றவும் நிவாரணம் கொண்டுபோகவும் அப்போது ஊரில் தேடப்படுவது டபிள்கப் அல்லது ஜீப். ஆனால் அவற்றிலுள்ள ஃபோர்வீல் தெரிவுகள் எதற்கென்று அறியாமலே பலர் ஓட்டுகிறார்கள். உங்கள் வாகனம் எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

டபிள்கப், பழைய ஜீப்

ஹைலக்ஸ் போன்றவற்றில் 2எச் என்பது பின்சில்லுகள் மட்டும் இழுக்கும் சாதாரண நிலை. 4எச் போட்டால் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படும். களி, மணல், ஈரமான கிரவல் வீதிகளுக்கு இது ஏற்றது. காய்ந்த தார் வீதியில் போடக்கூடாது. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். பூட்டிய நிலையில் அதற்கு இடமில்லாததால் ரயரும் கியர்ப் பெட்டியும் பழுதாகும்.

4எல் புதைந்த வாகனத்தை மீட்கவும் செங்குத்தான சரிவுகளுக்கும் உரியது. வாகனத்தை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பின்னரே மாற்றவேண்டும். வேகம் குறையும், இழுவை பெருகும்.

ஆல்வீல் எஸ்யூவி

எக்ஸ்-ட்ரெயில், ஆர்ஏவி4 போன்றவற்றில் பெரும்பாலும் முன்சில்லுகளே இழுக்கும். வழுக்கும்போது கணினி பின்சில்லுகளுக்கும் சக்தி அனுப்பும். லொக் பொத்தான் இருந்தால், சேற்றுக்குள் இறங்கமுன்னரே அழுத்துங்கள். இவற்றில் 4எல் இல்லை. புதைந்தபின் சில்லுகளை நீண்டநேரம் சுற்றவிட்டால் உள்ளிருக்கும் கிளச் சூடாகி, பின்சில்லுகளுக்கான இழுவை நின்றுவிடும்.

ஓட்டோ கியர்

டி நிலையில் கியர் தானாக மாறும். மணலிலும் சேற்றிலும் அது வேகத்தைக் குலைக்கும். எல், 2 அல்லது மனுவல் நிலையில் குறைந்த கியரைப் பிடித்து, ஒரே சீராக ஓட்டுங்கள். இறக்கத்திலும் குறைந்த கியரே நல்லது, நியூட்ரல் ஆபத்து. ஆழ்மணலில் ரயர்க் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும். தார் வீதிக்கு வந்ததும் மீண்டும் நிரப்பவேண்டும்.

வெள்ளம்

நான்கு சில்லும் இழுத்தாலும் பிரேக் பிடிக்கும் தூரம் குறையாது; வாகனம் மிதப்பதையும் அது தடுக்காது. ஓடும் நீர் ஓரடி உயரமிருந்தாலே சிறிய கார்களை அடித்துச்செல்லும். இரண்டடி நீர் எஸ்யூவிகளையும் தள்ளிவிடும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரமே வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டு, மாணவர்கள் உயிரிழந்தார்கள். வீதியின் ஓரம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். நீருக்குள் எஞ்சின் நின்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நீர் புகுந்திருந்தால் எஞ்சின் உடையும். நீரைக் கடந்தபின் பிரேக்கை மெதுவாக அழுத்தி உலர்த்துங்கள்.

வீதியை விட்டு இறங்காதீர்கள்

ஃபோர்வீல் இருக்கிறது என்ற துணிவில் வெள்ளத்தைச் சுற்றிக் காட்டுப்பாதையால் போகத் தோன்றும். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்கள் வடக்கில் இன்னும் உள்ளன. வெள்ளம் வெடிபொருட்களை இடம்மாற்றவும், எச்சரிக்கைப் பலகைகளைச் சாய்க்கவும் கூடும். மக்கள் நாளாந்தம் பாவிக்காத பாதையில் இறங்கவேண்டாம். வாகனத்தைத் திருப்ப இடமில்லாவிட்டால், வந்த வீதியாலேயே பின்னோக்கி வாருங்கள்.